மருந்து இங்கே, மடி எங்கே?

விழித்திரைப் புற்றுநோயால் ஒரு கண்ணை இழந்த நம் நாட்டுக் குழந்தையொன்றை அமெரிக்கத் தம்பதியர் தத்தெடுத்துச் சென்றனர் என்னும் செய்தி எப்போதாவது நம் காதில் விழுகிறது. விழுந்தவுடன் நம்மவரிடையே இரண்டு குரல்கள் எழுகின்றன. "அவர்கள் தெய்வப் பிறவிகள், நம்மால் ஆகுமா?" என்று ஒரு குரல் வியக்கிறது. "சும்மாவா எடுப்பார்கள்? உள்ளே ஏதோ கணக்கு இருக்கும்" என்று மற்றொரு குரல் ஐயுறுகிறது. எதிரெதிரானவைபோலத் தோன்றினும் இவ்விரண்டும் ஒரே காரியத்தையே செய்கின்றன. அந்தக் குழந்தை ஏன் இங்கேயே ஒரு வீட்டுக்குப் போகவில்லை என்னும் கேள்வி நம் வாசலுக்கு வராமல் இரண்டும் காத்து நிற்கின்றன. வியப்பவர் கும்பிட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்கிறார். ஐயுறுபவர் பழித்துவிட்டுத் தப்பித்துக்கொள்கிறார்.

மூன்றாவதாக ஒரு குரலும் உண்டு. அது படித்தவர் குரல். "இத்தகைய அரிய கண்நோய்க்கு அங்கேதான் நல்ல மருத்துவம் கிடைக்கும், குழந்தை போனதே நல்லது" என்று அது அமைதியாகச் சொல்கிறது. கேட்பதற்கு நியாயமாக இருப்பதனாலேயே மற்ற இரண்டையும்விட இது தீமை மிகுந்தது. இது உண்மையன்று என்பதை எடுத்துக் கூறவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. அந்தக் குழந்தை மருந்தைத் தேடிக் கடல் கடக்கவில்லை. தாயைத் தேடிக் கடக்கிறது.

நோயின் இயல்பை முதலில் அறிந்துகொள்வோம். ரெட்டினோபிளாஸ்டோமா என மருத்துவர் குறிப்பிடும் இப்புற்றுநோய் ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்னும் அளவில் வருவது. பெரும்பாலும் 5 வயதுக்குள் தோன்றிவிடும். கண்பாவைக்குள் பூனைக்கண்போல ஒரு வெண்ணொளி மின்னுவது அதன் முதல் அடையாளம். சில குழந்தைகளுக்கு மாறுகண்ணும் தோன்றும். விகிதத்தில் அரிதேயானாலும், பிறப்புகள் மிகுந்த நம் நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை இது பற்றுகிறது. காலத்தோடு கண்டுகொண்டால் உயிரைக் காக்கலாம். பலருக்குக் கண்ணையும் காக்கலாம். லேசர், உறைய வைத்து அழிக்கும் முறை, கீமோதெரபி, கதிர்வீச்சு எனச் சிகிச்சைகள் பல உண்டு. நோய் முற்றிவிட்டால் உயிரைக் காப்பதற்காகக் கண்ணை எடுத்துவிட்டுச் செயற்கைக் கண் பொருத்துவார்கள்.

இவற்றுள் எதுவும் கடலுக்கு அப்பால் மட்டுமே கிடைக்கும் வித்தையன்று. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1978இல் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் சென்னையில் நிறுவிய சங்கர நேத்ராலயா, ஐதராபாத்தில் 1987 முதல் இயங்கும் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையம் ஆகியவற்றில் இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு. ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை அளிப்பதையே தன் அடித்தளமாகக் கொண்டு வளர்ந்தது அரவிந்த். வங்கதேசத்திலிருந்து கண் சிகிச்சைக்காகச் சென்னைக்கு வருவோர் ஏராளம். அயலார் நாடி வரும் மருத்துவம் நம் ஊரில் இருக்க, நம் குழந்தை மருத்துவத்துக்காக அயல்நாடு போகிறது என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

காலக் கணக்கும் இதையே சொல்கிறது. கைவிடப்பட்ட ஒரு குழந்தை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் வருகிறது. பெற்றோரைத் தேடிப் பார்த்த பின்னர், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தையாயின் 2 மாதத்துக்குள்ளும், மூத்த குழந்தையாயின் 4 மாதத்துக்குள்ளும் அதைத் தத்துக் கொடுக்கலாம் என்று குழு அறிவிக்க வேண்டும். அதன்பின் உள்நாட்டுப் பெற்றோருக்கும் வெளிநாடு வாழ் இந்தியருக்கும் அக்குழந்தையின் விவரம் காட்டப்படுகிறது. அவர்களுள் ஒருவரும் முன்வராதபோதே அயல்நாட்டுப் பெற்றோரின் முறை வருகிறது. பிறகு மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் தடையில்லாச் சான்று, மாவட்ட ஆட்சியரின் ஆணை, பாஸ்போர்ட், விசா. மாதங்கள் ஓடிவிடுகின்றன, சிலவேளை ஆண்டே கடந்துவிடுகிறது. கண்ணுக்குள் வளரும் கட்டி இந்தக் கோப்புகளின் நடைக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே முதன்மையான சிகிச்சை இங்கேயே நடந்தாக வேண்டும், நடக்கவும் செய்கிறது. விமானம் ஏறும் குழந்தை பெரும்பாலும் அறுவையையோ கீமோதெரபியையோ இங்கேயே பெற்றுவிட்ட குழந்தைதான்.

அப்படியானால் அங்கே அதற்குக் கிடைப்பது என்ன? குழந்தையின் கண் மருத்துவத்தில் மருத்துவரின் பங்கு சில மணி நேரம். வீட்டின் பங்கு பல ஆண்டுகள். கட்டி மீண்டும் தலைகாட்டுகிறதா என்று அறிய, மயக்க மருந்து கொடுத்துச் சில வாரங்களுக்கு ஒருமுறையும், பின்னர்ச் சில மாதங்களுக்கு ஒருமுறையும் கண்ணைச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வெறும் வயிற்றோடு காலையில் அழும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். செயற்கைக் கண்ணைக் கழற்றிக் கழுவி மீண்டும் பொருத்த ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும். முகம் வளர வளர அதையும் மாற்றிக்கொண்டே வர வேண்டும். எஞ்சிய ஒரு கண்ணைக் காப்பதற்காக, விளையாடப் போகும் ஒவ்வொரு முறையும் பாதுகாப்புக் கண்ணாடியை நினைவுபடுத்த ஒருவர் வேண்டும்.

பிற கண்நோய்களுக்கும் இது பொருந்தும். பிறவிக் கண்புரையை எடுத்துக்கொள்வோம். பிறந்த முதல் சில வாரங்களுக்குள் அறுவை செய்தால் பயன் மிகுதி. ஆனால் அறுவையோடு வேலை முடிவதில்லை. நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்து, பலவீனமான கண்ணைப் பார்க்கப் பழக்க வேண்டும். குழந்தை அந்தக் கட்டைப் பிய்த்து எறியும், மீண்டும் ஒட்ட வேண்டும், மீண்டும் எறியும். மூளை பார்க்கக் கற்றுக்கொள்ளும் பருவம் ஏழெட்டு வயதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதற்குள் இந்தப் போராட்டத்தைப் பொறுமையோடு நடத்தியவர் இருந்தால் பார்வை உண்டு. இல்லையேல் சிறந்த அறுவையும் வீண். கண்ணில் கருவளையமே அமையாமல் பிறக்கும் அனிரிடியா என்னும் இன்னும் அரிதான நிலையில், வெயிலில் கண் கூசித் தவிக்கும் குழந்தைக்குத் தொப்பியும் நிறக்கண்ணாடியும் வேண்டும். கண்ணின் அழுத்தம் ஏறாமல் கவனிக்க வேண்டும். இவர்களுள் சில குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தில் கட்டி தோன்றும் வாய்ப்பும் உள்ளமையால் காலமுறைப்படி ஸ்கேன் எடுத்துவர வேண்டும்.

இத்தனையையும் ஓர் இல்லம் செய்ய முடியுமா? நம் அருட்சகோதரிகளின் இல்லங்கள் ஆற்றும் பணியைக் குறைத்துச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. எவரும் ஏந்தாத குழந்தைகளை அவர்கள் ஏந்தினார்கள். ஆயினும் பல குழந்தைகளை ஒருசேரக் கவனிக்கும் ஒரு சகோதரியால் ஒரே குழந்தையின் கண்கட்டோடு நாள் முழுவதும் போராட இயலாது. அவர் பணியில் குறையில்லை. ஒரு தாயின் வேலையை ஒரு நிறுவனத்தின்மேல் சுமத்தியிருக்கும் நம்மிடமே குறை. பிள்ளைகளின் பிறந்த நாளன்று அங்கே ஒருவேளை உணவு கொடுத்து, நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அன்று உண்ட குழந்தை மறுநாள் காலையில் யாரை அம்மா என்று அழைக்கிறது என நாம் கேட்டதில்லை.

இப்போது முதல் இரு குரல்களுக்கு வருவோம். அயல்நாட்டுப் பெற்றோர் தெய்வப் பிறவிகள் அல்லர். அமெரிக்காவில் தத்தெடுக்க விரும்புவோரிடம், எந்தெந்த உடற்குறைகளை உங்களால் ஏற்க இயலும் என்று நீண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்துக் கேட்கிறார்கள். கணவனும் மனைவியும் அதை மேசைமேல் வைத்து, தம் வருமானம், காப்பீடு, அருகிலுள்ள மருத்துவமனை, தம் மனத்தின் வலிமை ஆகியவற்றை எண்ணிப் பார்த்து, இதற்கு ஆம், இதற்கு இல்லை என்று குறிக்கிறார்கள். குழந்தையின் மருத்துவக் கோப்பைத் தெரிந்த மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்கிறார்கள். அஞ்சுகிறார்கள், சிலர் பின்வாங்கவும் செய்கிறார்கள். முன்வருவோருள் சிலர் அதே கண்குறையோடு தாமே வளர்ந்தவர்கள். ஒரு கண்ணோடு படிக்கலாம், வண்டி ஓட்டலாம், மணம் புரியலாம், பிள்ளை வளர்க்கலாம் என்று பட்டறிந்தவர்கள். அவர்கள் செய்வது தியாகம் என்பதைவிடக் குடும்பம் அமைத்தல் என்பதே சரி. அதைத் தியாகம் என்று உயர்த்தி வைத்தால் அது நம் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். நமக்கு வேண்டியதும் அதுதான் போலும்.

ஐயுறுவோருக்கும் விடை உண்டு. ஒருகாலத்தில் அந்த ஐயத்துக்கு இடமிருந்தது. 1984இல் லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் அயல்நாட்டுத் தத்தெடுப்புக்குக் கடும் நெறிகள் வகுத்ததே, முறைகேடுகள் பற்றிய முறையீடு எழுந்தமையால்தான். 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றுறுதி செய்தது. குழந்தை சென்ற பின்னரும் 2 ஆண்டுகள் அதன் நிலைபற்றி அறிக்கை வந்தாக வேண்டும். இவ்வளவும் இருந்தும் தீமை நேராமல் இல்லை. 2016இல் பீகாரிலிருந்து டெக்சாஸ் மாநிலத்துக்குத் தத்தெடுத்துச் செல்லப்பட்ட சிறுமி ஒருத்தி 2017இல் 3 வயதில் உயிரிழந்தாள். வளர்ப்புத் தந்தை 2019இல் ஆயுள் தண்டனை பெற்றார். அந்தப் பெற்றோரும் இந்திய வம்சாவளியினரே. ஆகவே தீமைக்கு நிறமும் நாடும் இல்லை. கண்காணிப்பு எங்கும் வேண்டும். ஆனால் அந்தச் சாவைக் காட்டி, பிற குழந்தைகள் ஒருவர் வீட்டுக்கும் போகாமல் இருப்பதே மேல் என்று வாதிடுவது அறமாகாது.

எண்களும் நம்மைக் குற்றம் சாட்டுகின்றன. தத்தெடுக்கப் பதிவு செய்து காத்திருக்கும் இந்தியப் பெற்றோர் 30,000க்கும் மேற்பட்டோர். உடல்நலமுள்ள சிறு குழந்தைக்காக மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்கிறார்கள். அதே வேளையில் தத்துக்குரிய குழந்தைகள் ஏறத்தாழ 2,000 பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் சிறப்புத் தேவையுள்ளோர் எனக் குறிக்கப்பட்டவர்கள். அந்த ஒரு சொல்லே பெற்றோரின் தேர்வுப் பட்டியலிலிருந்து அவர்களை நீக்கிவிடுகிறது. 2024-25ஆம் ஆண்டில் நிகழ்ந்த 4,515 தத்தெடுப்புகளுள் 4,155 உள்நாட்டிலேயே அமைந்தன, இது மகிழத்தக்கது. ஆனால் வெளிநாடு சென்ற எஞ்சிய குழந்தைகளுள் பெரும்பகுதியினர் நாம் வேண்டாம் என்றவர்கள். "கண்ணே, கண்மணியே" என்று குழந்தையைக் கொஞ்சாத தமிழ்த் தாய் உண்டோ? அன்புக்குக் கண்ணையே உவமையாக்கிய இனம், கண்ணில் குறையுள்ள குழந்தையைக் கண்டால் விண்ணப்பத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறது.

அயல்நாட்டார் என்றும் வருவார்கள் என்று நம்பியிருக்கவும் இயலாது. 2004இல் அமெரிக்கர் பிற நாடுகளிலிருந்து தத்தெடுத்த குழந்தைகள் ஏறத்தாழ 23,000 பேர். 2023இல் 1,300க்கும் குறைவு. 1992 முதல் 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை வெளியே அனுப்பிய சீனா, உறவினர் எடுக்கும் சில நேர்வுகள் தவிர, 2024 செப்டம்பரில் அந்த வாயிலை அடைத்துவிட்டது. தமக்கென ஒரு குழந்தை குறிக்கப்பட்டு, நிழற்படத்தைச் சுவரில் மாட்டிக் காத்திருந்த பல குடும்பங்கள் திகைத்து நின்றன. அக்குழந்தைகளுள் பலர் உடற்குறையுள்ளோர். பிறர் வீட்டுக் கதவை நம்பி நம் குழந்தையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

"கிறிஸ்தவர்களுக்குத் தத்தெடுக்கச் சட்டம் இல்லையே" என்று நம் இல்லங்களில் இன்றும் சொல்கிறார்கள். இது நேற்றைய உண்மை, இன்றைய சாக்கு. 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கே உரியது. நமக்கு 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமே துணை. அதன்படி நாம் காப்பாளர் ஆகலாமேயன்றிப் பெற்றோர் ஆக இயலாது. ஆனால் 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வழி திறந்தது. எச்சமயத்தவரும் அதன்கீழ்த் தத்தெடுக்கலாம் என்பதை 2014இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2015ஆம் ஆண்டின் புதிய சட்டம் பெற்ற பிள்ளைக்குள்ள எல்லா உரிமையையும் தத்துப்பிள்ளைக்கும் தருகிறது. திருச்சபையின் சட்டமோ தயங்கவே இல்லை. நாட்டுச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்ட பிள்ளை தத்தெடுத்தவரின் பிள்ளையே என்று 110ஆம் சட்டம் கூறுகிறது. தத்தால் உடன்பிறந்தோரானவர் தம்முள் மணம் செய்துகொள்வதையும் 1094ஆம் சட்டம் தடுக்கிறது. இரத்த உறவுக்கு நிகராக இதைத் திருச்சபை மதிக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

ஆக, மருத்துவம் தடையன்று, சட்டமும் தடையன்று. எஞ்சி நிற்பது நம் வீட்டுப் பெரியவர்களின் வாய். "யார் பெற்றதோ, என்ன குலமோ?" "கண்ணில்லாத பெண்ணை நாளை யார் கட்டுவார்?" "அந்த நோய் நம் வம்சத்துக்கும் வந்துவிட்டால்?" இவையே உண்மையான தடைகள். மூன்றாம் கேள்விக்கு மருத்துவம் நேர்மையாக விடை சொல்கிறது. விழித்திரைப் புற்று ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களுள் பெரும்பாலோருக்கு அது மரபுவழி வருவதன்று. இரு கண்ணிலும் வந்தவர்களுக்கு மரபணுவில் மாற்றம் உண்டு. அவர்தம் பிள்ளைக்கு அது செல்லும் வாய்ப்புப் பாதி. அவர்கள் வாழ்நாள் முழுதும் பிற புற்றுநோய்கள் குறித்தும் விழிப்போடு இருக்க வேண்டும். மறைக்க வேண்டியது ஒன்றுமில்லை. அறிந்துகொண்டு ஆயத்தமாக வேண்டியதே உண்டு. தான் பெற்ற பிள்ளைக்கு இது வராது என்று எழுதிக் கொடுப்பார் யார்?

குலத்தையும் வம்சத்தையும் கேட்போருக்கு மருத்துவம் விடை சொல்லாது. நற்செய்திதான் சொல்ல வேண்டும். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இது இவர் பாவமா, பெற்றோர் பாவமா என்று ஆண்டவரிடம் வினவியதை யோவான் 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இருவர் பாவமும் அன்று என்று அவர் மறுத்தார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நம் வரவேற்பறைகளில் அதே கேள்வி சொல் மாறி ஒலிக்கிறது. வீட்டு மாடத்தில் சூசையப்பர் சுரூபத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். தன் உதிரத்தில் பிறவாத மகனைத் தன் பெயரில் ஏற்று, தச்சுத் தொழில் கற்பித்து வளர்த்தவர் அவர். அவரை வணங்கும் வீட்டில் "யார் பெற்றதோ?" என்று கேட்பது அவர் முகத்துக்கு நேரே கேட்பதற்கு ஒப்பாகும்.

எல்லாரும் இத்தகைய குழந்தையைத் தத்தெடுத்தாக வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. இயலாதவர் துணிந்து எடுத்துப் பின் வருந்தினால், முதலில் நொறுங்குவது அந்தக் குழந்தைதான். ஆனால் இயலுமா என்று எண்ணிப் பார்க்காமலேயே இல்லை என்று குறிப்பதைத்தான் கண்டிக்கிறோம். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்துக்கு வரும் தம்பதியர் அதை ஒரு நாள் ஒத்தி வைக்கட்டும். ஒரு கண் மருத்துவரைச் சந்தித்து இந்நோய் என்ன, எத்தனை ஆண்டுப் பணி, எவ்வளவு செலவு என்று கேட்கட்டும். கேட்டபின் இல்லை என்று குறித்தால் அது முடிவு. கேட்காமல் குறித்தால் அது வெறும் அச்சம். திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் தத்தெடுப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசப்படட்டும். பிள்ளையில்லாத தம்பதியரை ஒவ்வொரு திருத்தலமாக அனுப்பும் உறவினர், ஒருமுறையேனும் இந்த வழியையும் காட்டட்டும். முன்வரும் குடும்பத்துக்கு அன்பியமும் பங்கும் துணை நிற்கட்டும். மருத்துவமனைக்குப் போகும் நாளில் மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அண்டைவீடு, பயணத்துக்குச் சிறிது பணம், கோயிலில் அந்தக் குழந்தையின் முகத்தை உற்றுப் பார்த்து "ஐயோ பாவம்" என்னாத நாவடக்கம் ஆகிய மூன்றும் இருந்தால் தயங்கி நிற்கும் பல குடும்பங்கள் துணியும்.

கடல் கடந்து ஒருவர் வந்து நம் குழந்தையை வாரி அணைத்துச் செல்லும்போது அவரை வாழ்த்துவோம், அது கடமை. ஆனால் வாழ்த்தோடு கடமை தீர்ந்ததென்று எண்ணிவிட வேண்டாம். அவர் வருவதற்கு முன் அந்தக் குழந்தையின் விவரம் நம்மவரிடந்தான் முதலில் காட்டப்பட்டது. பெயரும் வயதும் நோயும் எழுதிய அந்தத் தாளைப் பார்த்து, இல்லை என்று சொன்னவர்கள் நம்மவர்கள். அடுத்த தாள் இந்நேரம் எங்கோ ஒரு மேசையில் ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறது. அதற்கு நாம் சொல்லப்போகும் விடை என்ன?